கடிதத்துக்கு முன் ஒரு வாய் சோறு

உற்றார் உறவினருக்கும், நைனாவின் நண்பர்களுக்கும், காலை வண்டியில் கடம்பத்தூரிலிருந்து எங்களோடு வந்து போனவர்களுக்கும் மூத்த மகனின் வணக்கம்.

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவி எழுந்திருப்பீர்கள். பந்தி முடியாமல் ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று முனுசாமி அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வந்தவர்களுக்கு வாசலிலேயே கொடுப்பதுதானே முறை, இது என்ன புது வழக்கம் என்று உறவில் சிலர் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. படித்துக்கொண்டே வாருங்கள், சொல்கிறேன்.

"அன்னார் எல்லோரிடமும் இன்முகத்துடன் பழகினார்" என்று எழுதுவதும் ஒரு முறை. திருவள்ளூர் அச்சகத்தில் அந்த வரியை அவர்களாகவே கோத்து வைத்திருந்தார்கள். எடுத்துவிடச் சொன்னேன். நைனா எல்லோரிடமும் இன்முகத்துடன் பழகவில்லை. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டினால் திட்டுவார். விலாசத்தில் ஜில்லா பெயரை விட்டால் திட்டுவார். கார்டில் இடமில்லாமல் ஓரமெல்லாம் சுற்றிச் சுற்றி எழுதிக் கொண்டுவந்தால், "இன்னாடா இது, எறும்பு ஊர்வலமா?" என்பார். அப்படித் திட்டின மனிதருக்காகத்தான் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். இன்முகத்தைவிட அது பெரிதல்லவா?

நைனா பிறந்தது நம் ஊரின் கீழத் தெருவில், இப்போது நாங்கள் இருக்கிற இதே வீட்டில். பத்து வயது முடிவதற்குள் தகப்பனாரை இழந்தார். ஏரிக்குக் கீழே இருந்த இரண்டு காணி நஞ்சையும், ஒரு தங்கையும், கண் பார்வை மங்கிய தாயாரும் அவர் பொறுப்புக்கு வந்தார்கள். விடியற்காலையில் மடை திறந்துவிட்டு, சேற்றுக் காலோடு பள்ளிக்கூடம் போய் எட்டாவது வரை படித்தார். தங்கையைத் திருவள்ளூரில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்த்தார். எட்டாவது தேறியவர், சொந்த வீடு உள்ளவர், கையெழுத்து அச்சுப் போல இருப்பவர் என்பதால் நம் ஊர்க் கிளைத் தபால் ஆபீஸ் அவரிடம் வந்தது. வீட்டின் முன் அறைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரைக் கட்டை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். கடம்பத்தூர் ஸ்டேஷனில் வண்டியிலிருந்து இறங்கும் பையை மூன்று மைல் நடந்து தூக்கி வருபவர் முனுசாமி அண்ணன். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வருவார். "பை நனைஞ்சிச்சா?" என்றுதான் நைனா முதலில் கேட்பார். நீ நனைந்தாயா என்று கேட்க மாட்டார். ஆனால் துண்டைக் கையில் தயாராக வைத்திருப்பார்.

இங்கேதான் ஊருக்கெல்லாம் தெரிந்த, எனக்கு மட்டும் தெரியாமல் போன ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நல்ல கடிதம் வந்தால் நைனா அதை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடாத குறையாகக் கொடுப்பார். மூலையில் கறுப்பு தடவிய கார்டு, தந்தி என்று கெட்ட சேதி வந்திருப்பது பார்த்ததுமே தெரிந்தால், உரியவரை உள்ளே கூப்பிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்பார். இல்லை என்றால், "போய் சாப்ட்டு வா, அப்பால தர்றேன்" என்று அனுப்பிவிடுவார். இழவுச் செய்தி கேட்ட வீட்டில் பிறகு அடுப்பு எரியாது. எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடப்பார்கள். அதற்கு முன் ஒரு கவளமாவது உள்ளே போகட்டும் என்பது அவர் கணக்கு. அவர் சிறுவனாக இருந்தபோது தகப்பனார் இறந்த செய்தி வெறும் வயிற்றில் வந்து, மயங்கி விழுந்தாராம். நாளடைவில் நைனா "சாப்ட்டியா?" என்றாலே ஊரில் பாதிப் பேர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பிடாமலே "ஆச்சு" என்று பொய் சொல்பவர்களும் உண்டு. அவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார்.

எனக்கு இது தெரியாது. நான் படித்ததெல்லாம் திருவள்ளூரில் அத்தை வீட்டில். பிறகு பெரம்பூர் ரயில் பட்டறையில் பிட்டர் வேலை. இருட்டு பிரியுமுன் போய், விளக்கு வைத்த பிறகு வருபவன். அந்த ஜன்னலில் தபால் கொடுக்கும் நேரத்தில் நான் நின்றதே இல்லை. ஒரு தகப்பன் மகனைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் அதில் விசேஷம் என்ன இருக்கிறது?

அணா போய் நயா பைசா வந்த வருஷம், ஆடி மாதம், நைனாவின் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. மிளகு அளவுதான். அந்தச் சமயம்தான் புது நயா பைசா ஸ்டாம்புகளும் வந்திருந்தன. நைனா நாளுக்கு ஐம்பது ஸ்டாம்பையாவது நாக்கில் தடவி ஒட்டுவார். ஊரே கூடி ஒரு தீர்ப்புச் சொன்னது: புது ஸ்டாம்புப் பசை ஒத்துக்கொள்ளவில்லை. "பழைய அணா ஸ்டாம்பு இன்னா தித்திப்பு! இது இன்னாத்த தடவிக்கீறானோ" என்று முனுசாமி அண்ணன் சொன்னார். நாங்களும் நம்பினோம். சிரிக்காதீர்கள். அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் துணியும் வைத்து, "இனிமே இதுல தொட்டு ஒட்டுங்க" என்றார். தினமும் மணத்தக்காளிக் கீரை வைத்தார். மாசிக்காயை உரைத்துத் தடவினார். நோய் கரையட்டும் என்று அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தார். நாக்கைத் தொட்டது ஸ்டாம்பு மட்டுமல்ல, முப்பது வருஷமாக வெற்றிலையோடு அடக்கி வைத்த புகையிலையும்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் வாயைத் திறக்கவில்லை. ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போய்விட்டது. மிளகு, புளியங்கொட்டை ஆயிற்று.

ஐப்பசியில் கடம்பத்தூர் கம்பவுண்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, இது கீரைக்கு அடங்கற புண்ணு இல்ல. பட்டணத்துக்கு இட்டுக்கினு போ" என்றார். நாங்கள் எல்லோரும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் சொல்லியிராவிட்டால் கார்த்திகையும் கீரையிலேயே போயிருக்கும்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நைனாவின் நாக்கிலிருந்து கடுகளவு சதை எடுத்தார்கள். பரிசோதனை செய்து கடிதம் போடுகிறோம் என்றார்கள். நைனா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னிடம், "நோயாளிக்கு எழுதட்டுமா, உங்களுக்கு எழுதட்டுமா?" என்று கேட்டார். வெளியே நைனா பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். "எனக்கே எழுதுங்க. அவருக்குத் தெரிய வேணாம்" என்றேன். விலாசம் கேட்டார். கடகடவென்று சொன்னேன். என் பெயர், நம் ஊர், கடம்பத்தூர் வழி, திருவள்ளூர் தாலுகா.

வண்டியில் திரும்பி வரும்போது, திருநின்றவூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது. நைனாவிடமிருந்து மறைக்க வேண்டிய கடிதத்தை நைனாவின் தபால் ஆபீசுக்கே வரவழைத்திருக்கிறேன்! பட்டறை விலாசத்தைக் கொடுத்திருக்கலாம். அத்தை வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கலாம். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அதுவரை வேறு விலாசம் இருந்ததில்லை. யார் கேட்டாலும் நாக்கு அதைத்தான் சொல்லும். எதிரே உட்கார்ந்திருந்த நைனா, "இன்னாடா, பேயறஞ்ச மாதிரி கீற?" என்றார். பசிக்கிறது என்றேன். மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார்.

கடிதம் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை பட்டறையில் அரை நாள். நான் மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நைனா மேசை முன் உட்கார்ந்து முத்திரைக் கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு நீள உறை. என் பெயர் ஆங்கிலத்தில்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல, நைனா."

"போய் சாப்ட்டு வா. உனுக்கு ஒரு கவுர் வந்துக்கீது."

உறை ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அப்பாடா, அவர் பிரிக்கவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. போய்ச் சாப்பிட்டேன். அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை இன்று நினைத்தால் அந்தக் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கை கழுவிக்கொண்டு வந்து, உறையை வாங்கிக்கொண்டு, ஏரிக்கரைக்குப் போய்ப் பிரித்தேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஆங்கிலம் அதற்குப் போதுமானதாக இருந்தது. நாக்கில் புற்றுநோய். உடனே அழைத்து வர வேண்டும். நாக்கின் பெரும்பகுதியை அறுத்து எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பேச்சு போய்விடும். தாமதித்தால் கழுத்துக்கு இறங்கும்.

என் தங்கைக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்திருந்தது. பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தாயிற்று. புற்றுநோய் உள்ள வீடு என்றால் பெண் எடுப்பார்களா? ஒட்டுவாரொட்டி என்று பயப்படுகிறவர்கள் நிறைந்த காலம் இது. அந்தப் பெயரைக்கூட யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அதைவிட, தாரை வார்க்கும்போது பெண்ணின் கையைப் பிடித்துக்கொடுத்து, வாய் திறந்து மூன்று முறை சொல்ல வேண்டியவர் நைனா. நாக்கில்லாத தகப்பன் எப்படிச் சொல்வார்? ஏரிக்கரையில் நான் மாற்றி மாற்றி யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடப் பொய். பயந்தேன். சொல்லும் தைரியம் இல்லாதவனுக்குக் கல்யாணம் ஒரு நல்ல சாக்காகக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தேன். நைனா அதே இடத்தில் இருந்தார்.

"இன்னா எழுதிக்கீறாங்க?" என்று கேட்டவர் அம்மா. நைனா கேட்கவில்லை.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. தை முடிஞ்சி வந்து ஒரு தபா காட்டச் சொல்லிக்கீறாங்க. வெத்தல பாக்கு போடக் கூடாதாம்."

"நான்தான் சொன்னனே, கீர கேக்குதுன்னு" என்று அம்மா சுவாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினார். நைனா என்னைப் பார்த்தார். "சரிடா" என்றார். மறுபடியும் முத்திரைக் கட்டையைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நான் ஒரே பொய்தான் சொன்னேன். அதை இரண்டு மாதம் சுமந்தேன்.

அந்த இரண்டு மாதமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பட்டறையில் மிகை நேரம் பார்த்தேன், வீட்டில் அவர் முகத்தைப் பார்க்காமலிருக்கவும் அது உதவியது. நெல் அறுப்பு வேலையை அம்மா முன்னின்று பார்த்தார். நைனாவால் நெடுநேரம் பேச முடியவில்லை என்பதால் ஜன்னலுக்குத் தங்கை வந்தாள். தபால் துறையில் தன் பொறுப்பில் ஆள் வைத்துக்கொள்ள இடம் உண்டு. கல்யாணப் பெண், கையில் மருதாணியோடு, ரசீது எழுதினாள். நைனா பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்கிற நாக்கால், அவளையும் திட்டினார். அப்போதும் அவர் திட்டு குறையவில்லை. சாப்பாடு குறைந்தது. சோறு கஞ்சியாயிற்று.

தை மாதம் கல்யாணம் நடந்தது. உங்களில் பெரும்பாலோர் வந்திருந்தீர்கள். தாரை வார்க்கும்போது நைனா சொன்னதை நினைத்துப் பாருங்கள். சொற்கள் வழுக்கின. தடித்த குரலில், நிறுத்தி நிறுத்தி, மூன்று முறையும் முழுசாகச் சொன்னார். வாயோரத்தில் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார். பெண்ணைப் பிரிகிற துக்கம், அதனால் குரல் அடைக்கிறது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். தங்கை அழுதாள். நான் சமையல் பந்தலின் பின்னால் போய் நின்று அழுதேன்.

மறுவீடு முடிந்த மறுநாள், இனிப் பொறுக்க முடியாது என்று முனுசாமி அண்ணனைப் பிடித்தேன். ஸ்டேஷன் பாதையில் அவரோடு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவருக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு கீற?"

"அவரு கவரப் பிரிக்கவே இல்லண்ணா."

"எதுக்குப் பிரிக்கணும்? அதே ஆஸ்பத்திரி கவுரு நம்ம ஊருக்கு இதுக்கு முன்னால ரெண்டு வந்துக்கீது. சீக்காளி பேருக்கு வந்தா திரும்பி வந்து மருந்து வாங்கிக்கன்னு அர்த்தம். புள்ள பேருக்கு வந்தா வேற. அந்த ரெண்டுல ஒண்ணு புள்ள பேருக்கு வந்துச்சி, அந்த ஊடு எழவு ஊடாச்சி. அத்த உன் நைனாதான் குடுத்தாரு. அன்னிக்கி உன் கவுர நான்தான் பையிலருந்து எடுத்து வெச்சேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. 'இவன் சாப்ட்டு வந்தானான்னு தெரியலயே'ன்னாரு. உன்ன சாப்ட்டியான்னு கேட்டாரா இல்லியா?"

"கேட்டாரு."

"கேட்டாரு இல்ல?" என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டார். பிறகுதான் அந்த வழக்கத்தை எனக்கு விளக்கமாகச் சொன்னார். அன்று வேலைக்குப் போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பி முன் அறைக்குப் போனேன். நைனா தனியாக இருந்தார். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "நைனா, சாப்ட்டீங்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். வலியோடு சிரித்தார். "முனுசாமி சொல்லிட்டானா?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "தெரிஞ்சும் ஏன் நைனா கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே!"

"அடுத்தவன் லெட்டர்ல இன்னா எழுதிக்கீதுன்னு கேக்கறது என் வேல இல்ல" என்றார். பிறகு என் தலையில் கை வைத்துச் சொன்னார்: "கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. ஒடனே இட்டுக்கினு போயிருப்ப. அறுத்திருப்பாங்க. பாப்பாவுக்கு யாரு தாரை வாக்கறது? நாக்கு இருக்கச் சொல்லோ வாத்துட்டேன். இப்ப இட்டுக்கினு போ. நீ ஒண்ணும் பேஜாராவாத."

இதை நான் பலமுறை திருப்பித் திருப்பி நினைத்திருக்கிறேன். உண்மையாகவே அவர் அப்படி முடிவு செய்திருந்தாரா, அல்லது கால்மாட்டில் உட்கார்ந்து அழுத மகனுக்காக அந்த நிமிஷம் அப்படிச் சொன்னாரா? எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். அவர் பிள்ளைதானே, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். ரேடியம் ஊசி குத்தினார்கள். பிறகு வாரத்துக்கு மூன்று நாள் கரண்டு, அதாவது கதிர், வைத்தார்கள். காலை வண்டியில் நானே கூட்டிப் போய், ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு, பட்டறைக்கு ஓடி, சாயங்காலம் திரும்பப் போய் அழைத்துவருவேன். அந்த வண்டியில் நாள்தோறும் போகிற பால்காரர்களும், கீரைக்காரம்மாக்களும், ஆபீஸ் குமாஸ்தாக்களும் ஜன்னலோர இடத்தை நைனாவுக்கென்று விட்டுவைத்தார்கள். ஒருநாள் புதிதாக ஏறிய ஒருவர் அதில் உட்கார்ந்துவிட, ஒரு கீரைக்காரம்மா, "எய்ந்திருப்பா, அது போஸ்டு மாஸ்டர் எடம்" என்று அவரை எழுப்பினார். அவர்களில் சிலர் இன்று வந்திருக்கிறார்கள். உங்கள் பெயர்கூட எனக்கு முழுதாகத் தெரியாது. மன்னிக்க வேண்டும்.

சம்பந்தி வீட்டாருக்கு விஷயம் தெரிந்தபோது நான் நடுங்கிப் போனேன். மாப்பிள்ளையின் தகப்பனார் நேரே வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "ஏம்பா, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கார்த்திகையிலயே ஒரு நல்ல நாள் பாத்து முடிச்சிருப்பமே. அவுருக்கும் அறுத்திருக்கலாமே" என்றார்.

இதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. எதற்குப் பயந்து நான் பொய் சொன்னேனோ, அந்தப் பயத்துக்கு ஆதாரமே இருக்கவில்லை. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே பெண்ணை எங்களிடம் அனுப்பி, "நைனா கூட இரு, ஆபீசப் பாத்துக்க" என்று சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல என்னிடம் சொல் இல்லை.

சித்திரைக்குப் பிறகு நைனாவின் பேச்சு முழுவதும் நின்றது. பழைய மணியார்டர் பாரங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். எழுத்தில் பேச்சு வழக்கு வரக் கூடாது என்பது அவர் கொள்கை. வலி உயிர் போகிறபோதுகூட "தண்ணீர் கொண்டு வா" என்று இலக்கணமாக எழுதுவார். தங்கை ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டினால், "நேராக ஒட்டு" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போடுவார். அந்த இரண்டு கோடுதான் திட்டு. கத்துகிற நைனாவைவிடக் கோடு போடுகிற நைனாவைப் பார்ப்பது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆடிக் கடைசியில் கஞ்சியும் இறங்கவில்லை. பஞ்சில் தண்ணீர் நனைத்து வைத்தோம். கம்பவுண்டர் தினமும் மூன்று மைல் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அம்மா தலைமாட்டை விட்டு நகரவில்லை. கீரையைப் பற்றி அம்மா பிறகு பேசியதே இல்லை. கொல்லையிலிருந்த மணத்தக்காளிச் செடிகளை ஒருநாள் வேரோடு பிடுங்கி எறிந்திருந்தார்.

ஆவணி முதல் வாரத்தில் ஒருநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிச் சொல்லிக்கொள்ளப் போனேன். நைனா பென்சிலைக் கேட்டார். பாரத்தை நான் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு சொல் எழுதினார். "சாப்பிட்டாயா".

நான் பார்த்தேன். அவர் பென்சிலால் அம்மாவைக் காட்டினார். பிறகு தங்கையைக் காட்டினார். மறுபடியும் அந்தச் சொல்லைக் காட்டினார்.

என்னைவிட முன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய், பழைய சோற்றைப் பிழிந்து மூன்று தட்டில் வைத்து, மோர் விட்டு, அந்த அறைக்கே கொண்டுவந்தார். கல்யாணமான நாள் முதல் நைனாவுக்கு முன் சாப்பிட்டறியாத அம்மா, அன்று அவர் கண் முன்னால் உட்கார்ந்து முதல் வாய் வைத்தார். நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். ஒவ்வொரு கவளமும் கல்லாக இறங்கியது. நைனா ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கண்ணை நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதியில் தங்கை கையை எடுத்தாள். அவர் பென்சிலைத் தூக்கினார். கோடு போட்டுவிடுவார் என்று பயந்து அவள் மீதியையும் தின்றாள். தட்டு காலியான பிறகு கண்ணை மூடினார்.

நான் அன்று வண்டிக்குப் போகவில்லை. பை வருகிற நேரத்துக்குச் சற்று முன் நைனா காலமானார். அம்மா அழத் தொடங்குமுன், தெருவில் முனுசாமி அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு முன் அறைக்குப் போனாள். ஜன்னலைத் திறக்காமல் கதவைத் திறந்து, அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"அண்ணா, சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

நைனா அந்தக் கேள்வியை அடுத்தவர்களிடம் கேட்பதை இருபத்தைந்து வருஷம் பக்கத்தில் நின்று கேட்ட மனிதர் அவர். பையை மெல்லக் கீழே வைத்தார். "ஆச்சும்மா" என்றார். அதன் பிறகு அவர் போட்ட சத்தம் ஏரிக்கரை வரை கேட்டது என்பார்கள்.

எங்கள் துயரத்தில் தோள் கொடுத்தவர்களை நினைக்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. சைக்கிளில் வந்த கம்பவுண்டர் ஐயா. நான் ஓடி ஓடிப் போய் வர ஷிப்டை மாற்றிக்கொடுத்த பட்டறை மேஸ்திரி. எங்கள் நிலத்தில் நடவைத் தாங்களாகவே வந்து முடித்துக் கொடுத்த கீழத் தெருப் பெண்கள். பெண்ணை எங்களுக்குத் திரும்பக் கொடுத்து, இன்றும் இங்கேயே வைத்திருக்கிற சம்பந்தி வீட்டார், அவளைப் பார்க்க வாரம் தவறாமல் வந்து போகிற மாப்பிள்ளை. காலை வண்டியின் ஜன்னலோர இடம். முனுசாமி அண்ணன். எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் ஸ்டாம்பைக் குறை சொல்லாதீர்கள், கீரையை நம்பி உட்காராதீர்கள், கூட்டிப் போங்கள். சேதி எதுவானாலும் அவரிடமே சொல்லுங்கள். அவர் நாக்கு, அவர் முடிவு. அதை நான் என் கையில் எடுத்துக்கொண்டேன். நைனா மன்னித்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மலரை ஏன் பந்திக்குப் பிறகு கொடுக்கச் சொன்னேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் எல்லோருக்கும் முன்னால் இன்று நடுவீட்டில் ஒரு இலை போட்டிருப்போம். குழையாத சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வெற்றிலை உண்டு, புகையிலை இல்லை. கடைசிப் பதினொரு நாள் ஒரு பருக்கை இறங்காமல் போனவருக்கு, ஒரு வருஷம் கழித்து, முழுச் சாப்பாடு. அந்த இலை முன் நின்று கேட்பதற்கு எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

சாப்ட்டீங்களா, நைனா?

இப்படிக்கு,
மூத்த மகன்